ஓடுதுல்ல, அப்புறம் என்ன?

"ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?" என்ற கேள்வியைக் கேட்காமல் யாரும் மென்பொருள் வேலையில் காலம் தள்ளியிருக்க முடியாது. கேட்கிறவர் மேல் தப்பில்லை. மாற்றியது பத்தே வரி. கம்பைல் ஆகிறது. மேசையில் இருக்கும் போர்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று. எழுத்துகள் ஒழுங்காக வந்து விழுகின்றன. அதுவும் எதில்? சீரியல் போர்ட் டிரைவரில். நாற்பது வருஷத்துப் பழைய சரக்கு. இதைப் போய் ஒருவர் இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு, "இந்த வரி ஏன் லாக்குக்கு உள்ளே நிற்கிறது?" என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

எரிச்சல் நியாயம். அந்த எரிச்சலிலிருந்து பிறந்திருக்கும் கொள்கைதான் நியாயமில்லை. கொள்கை இது: டிரைவர் கோட் ஓடினால் சரி, ஓடாவிட்டால் தப்பு; ஓடுகிறதா என்பதைச் சோதனை சொல்லிவிடும்; ஆகவே கோட் ரிவ்யூ என்பது சோதனை முடிந்த பிறகு நடக்கிற ஒரு சடங்கு. வெளிப்படையாக இப்படி யாரும் பேச மாட்டார்கள். மேடையில் கேட்டால் ரிவ்யூவைப் போல உண்டா என்பார்கள். ஆனால் வேலை அட்டவணையில் அதற்கு மணி ஒதுக்க மாட்டார்கள். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் எத்தனை பேட்ச் எழுதினாய் என்று கேட்க ஒரு கட்டம் இருக்கும். எத்தனை பேட்ச்சைப் படித்து நிறுத்தினாய் என்று கேட்கக் கட்டம் இருக்காது. மேடைப் பேச்சை விட்டுவிட்டு நான் அந்தப் படிவத்தோடு சண்டை போடுகிறேன்.

முதலில் 'பழைய சரக்கு' விஷயத்தை முடித்துவிடலாம். நான் இதை எழுதுவது செஞ்சியிலிருந்து. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியே கோட்டை மலையான ராஜகிரியைப் பார்ப்பார்கள். சாலையோரத்து எடைமேடையை யாரும் பார்ப்பதில்லை. நெல் லாரி மேடை ஏறி நிற்கிறது. அடியிலிருக்கும் லோட்செல்கள் தாங்கும் பாரத்தை ஒரு சின்னப் பெட்டி எண்ணாக மாற்றுகிறது. அந்தப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பி பெரும்பாலும் ஆர்எஸ்-232 சீரியல் கம்பிதான். வேகம் 9600 பாட், சில இடங்களில் 2400. கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கலாம், லினக்ஸ் இருக்கலாம். எதுவானாலும் அந்த எழுத்துகளை வாங்கி மேலே கொடுக்கிற டிரைவர் ஒன்று இருந்தாக வேண்டும். ரேஷன் கடையில் இப்போது தராசைப் பில் போடும் கருவியோடு ப்ளூடூத்தில் இணைக்கிறார்கள். ப்ளூடூத் புதுசு, சீரியல் பழசு என்று நினைக்கிறவர் கருவியைப் பிரித்துப் பார்க்கட்டும்: பல கருவிகளில் ப்ளூடூத் சிப்பும் ப்ராசசரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதே சீரியல் இணைப்பில்தான். ஜிபிஎஸ் சிப்பும் அப்படியே. சென்னை ஐஐடி 2018-ல் தன்னுடைய சக்தி ப்ராசசரில் லினக்ஸை ஏற்றிக் காட்டியது. இப்படிப் பிறக்கும் எந்தப் புதுச் சிப்பும் தனக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லும் முதல் வரி திரையில் வருவது அபூர்வம். அது சீரியல் போர்ட்டில்தான் வரும். செத்த சரக்கு என்றால் எல்லாப் பிரசவத்துக்கும் எப்படி முதலில் வந்து நிற்கிறது?

சரி, உயிரோடு இருக்கிறது; ஆனால் எளிமையான சாதனம்தானே என்பார்கள். எளிமைதான். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது நேஷனல் செமிகண்டக்டரின் 8250 சிப். அது வந்த எழுத்தில் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொள்ளும். அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் இழப்பு. பின்னால் வந்த 16550-ல் பதினாறு எழுத்து நிற்கக்கூடிய வரிசை வைத்தார்கள். முதலில் வெளியான சிப்பில் அந்த வரிசையே கோளாறாக இருந்தது. திருத்தி 16550ஏ என்று விட்டார்கள். இன்றைய லினக்ஸ் கர்னலிலும் இந்தக் குடும்பத்துக்கான டிரைவரின் பெயர் 8250தான். 1,15,200 பாட் வேகத்தில் ஒரு எழுத்து வந்து சேர ஏறத்தாழ 87 மைக்ரோ வினாடி ஆகும். வரிசையில் பதினான்கு எழுத்து சேர்ந்ததும் இன்டரப்ட் மூலம் ப்ராசசரைக் கூப்பிடும்படி வைத்திருந்தால், மீதி இரண்டு இடமும் 174 மைக்ரோ வினாடியில் நிரம்பிவிடும். அதற்கடுத்த எழுத்து முழுதாக வந்துசேர்வதற்குள் ப்ராசசர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வரிசையைக் காலி செய்ய வேண்டும். எளிமை என்பது சிப்புக்கு. டிரைவருக்கு மிஞ்சியது அவசரம்.

இந்த அவசரத்தால்தான் 'ஓடுதுல்ல' என்ற வாதம் இங்கே செல்லாது. பில் போடும் நிரலை மேலிருந்து கீழாகப் படித்துவிடலாம். டிரைவரை அப்படிப் படிக்க முடியாது. எந்த வரியிலும் இன்டரப்ட் வந்து குறுக்கே நிற்கும். ஒரு சிபியு ஒரு எழுத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிபியு போர்ட்டை மூடிக்கொண்டிருக்கும். பத்து வரி பேட்ச் என்றால் பத்து வரிக்கும் நடுவே உலகத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று யோசிக்க வேண்டும். மேசைச் சோதனை அந்த உலகங்களில் ஒன்றைத்தான் காட்டும். அதுவும் மிகவும் சாதுவான ஒன்றை.

ஒரு பேட்ச்சை எடுத்துக்கொள்வோம். இதைப் போன்றதை எல்லா ஊரிலும் யாராவது எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போர்ட்டில் பிழை வந்தால் டிரைவர் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது; களத்தில் என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. எனவே ஒரு நல்ல மனிதர், பிழை வந்ததும் கர்னல் பதிவில் ஓர் எச்சரிக்கை அச்சாகும்படி ஒரு வரி சேர்க்கிறார். ஒரே வரி. அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு வேண்டுமென்றே பிழையை வரவைத்துக் காட்டுகிறார். எச்சரிக்கை திரையில் வருகிறது. சோதனையில் தேறிவிட்டது. இதற்கு மேல் என்ன ரிவ்யூ?

அந்த வரி உட்கார்ந்திருக்கும் இடத்தில், நாற்பது வரிக்கு மேலே, போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்கான லாக் எடுக்கப்பட்டிருக்கிறது. பேட்ச் என்பது மாற்றிய வரியையும் அதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வரியையும்தான் காட்டும். லாக் எடுத்த வரி அதில் இல்லை. இப்போது திரை இல்லாத ஒரு இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சர்வர், மின்மீட்டர்களிலிருந்து தகவல் திரட்டும் கேட்வே. அங்கே கர்னலின் செய்திகள் எல்லாம் வெளியே போவதே இந்தச் சீரியல் போர்ட் வழியாகத்தான், அதுதான் கன்சோல். பிழை வருகிறது. எச்சரிக்கையை அச்சிடக் கர்னல் கன்சோலைக் கூப்பிடுகிறது. கன்சோலில் எழுதுவதும் இதே டிரைவர். எழுதுவதற்கு முன்னால் போர்ட்டின் லாக்கைக் கேட்கிறது. லாக் யார் கையில்? அதே சிபியுவின் கையில். தன் கையில் இருப்பதைத் தானே விடுவிக்கக் காத்து நிற்கிறது. காலத்துக்கும் நிற்கும். என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டிய போர்ட்டும் அதுவே என்பதால் ஒரு வரிகூட வெளியே வராது. களத்துக்குப் போன ஆள் கரண்டை அணைத்துப் போட்டுவிட்டு, "ஹேங் ஆயிடுச்சு சார், ரீஸ்டார்ட் பண்ணேன், இப்ப ஓடுது" என்பார்.

இது நான் ஜோடித்த பயமுறுத்தல் இல்லை. கர்னல் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய வகைப் பிழை. 8250 டிரைவரின் கன்சோல் பகுதியிலேயே இதற்கு ஒரு தனி வழி வெகுகாலம் இருந்தது: சாதாரண நேரத்தில் லாக்குக்குக் காத்திரு, கர்னலே விழுந்துகொண்டிருக்கிறது என்றால் காத்திராதே, கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் எடுக்காமலே எழுது. விழும்போதாவது கடைசி வார்த்தை வெளியே வரட்டும் என்ற ஏற்பாடு. அந்த இரண்டு வரியைப் படித்து ஏன் இருக்கிறது என்று புரிந்துகொண்ட ஒருவர், மேலே சொன்ன நல்ல மனிதரின் பேட்ச்சைப் பார்த்ததும் கை வைக்கிற இடம் லாக்தான். புரிந்துகொள்ளாதவர் எச்சரிக்கையின் வாசகத்தில் எழுத்துப் பிழை பார்ப்பார். பேட்ச்சில் இருப்பதைப் படிப்பது ப்ரூஃப் பார்ப்பது. பேட்ச்சில் இல்லாததைப் போய்ப் படிப்பதற்குத்தான் ரிவ்யூ என்று பெயர்.

அடுத்தது இன்னும் நயவஞ்சகமானது. 8250 குடும்பத்தில் வரியின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டர் ஒன்று உண்டு. எழுத்து வந்திருக்கிறதா, அனுப்ப இடம் இருக்கிறதா, எழுத்து ஏதும் இழந்தோமா, பாரிட்டி தவறியதா என்பதெல்லாம் அதில் ஒவ்வொரு பிட்டாக இருக்கும். விசேஷம் என்னவென்றால், அதைப் படித்தாலே பிழைக்கான பிட்டுகள் அழிந்துவிடும். இப்போது ஒருவர், அனுப்ப இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் அந்த ரெஜிஸ்டரைக் கூடுதலாக ஒருமுறை படிக்கும் வரியைச் சேர்க்கிறார். படிப்பதுதானே, யாருக்கு என்ன கெடுதல்? கெடுதல் உண்டு. எழுத்து இழந்துவிட்டோம் என்ற பிட் அந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்தால், இவர் படித்ததில் அது போய்விட்டது. வாங்கும் பகுதிக்கு அது தெரியவே போவதில்லை. இதற்காகத்தான் லினக்ஸ் டிரைவரில் படித்த பிழை பிட்டுகளைத் தனியே சேமித்து வைக்கிற ஒரு மாறி இருக்கிறது. அதில் சேர்க்காமல் நேரடியாகப் படித்த இடங்கள் பின்னாளில் தேடிப் பிடித்துத் திருத்தப்பட்டன.

எடைமேடைக்கு வருகிறேன். எண்ணைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும் எளிய வடிவங்கள் பலவற்றில் செக்சம் எதுவும் கிடையாது. 24,560 என்று வரவேண்டியதில் ஓர் இலக்கம் விழுந்துவிட்டது. விழுந்தது என்று சொல்ல வேண்டிய பிட்டையும் டிரைவர் தொலைத்துவிட்டது. மேலே இருக்கும் பில் நிரல் அசட்டையாக எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? பதினாறு எழுத்து வரிசையும் 9600 பாட் வேகமும் இருக்கிற இடத்தில் இது அடிக்கடி நடக்காது என்பது உண்மை. ஆனால் அடிக்கடி நடக்காத பிழைதான் சோதனையில் தேறும் பிழை. மேசையில் ஒருநாள் முழுக்க எழுத்துகளை ஓடவிட்டாலும் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

மூன்றாவதை வேகமாகச் சொல்கிறேன். ஆர்எஸ்-485 என்பது ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகள் முறைவைத்துப் பேசும் ஏற்பாடு. மின்மீட்டர், சோலார் இன்வர்ட்டர், பம்ப் கட்டுப்பாடு எல்லாம் இதில்தான். பேசி முடித்தவர் கம்பியை விட்டுவிட வேண்டும். எப்போது முடித்தோம்? வரிசை காலியானபோதா, கடைசி எழுத்தின் கடைசி பிட்டும் கம்பியில் ஏறியபோதா? இரண்டுக்கும் சிப்பில் வெவ்வேறு பிட் இருக்கிறது. முதலாவதைப் பார்த்துக் கம்பியை விட்டால் கடைசி எழுத்து பாதியில் அறுந்துவிடும். மோட்பஸ் ஆர்டியு முறையில் கடைசி இரண்டு பைட் சிஆர்சி. அது சிதைந்தால் மறுமுனை முழுச் செய்தியையும் குப்பையில் போடும். அதிவேகத்தில் சோதித்தால் தாமதங்களின் புண்ணியத்தில் தப்பித்துவிடலாம். 9600-ல் ஒரு எழுத்துக்கே ஒரு மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. அங்கே தப்பிக்க வழியில்லை.

இதோடு சிப்புகளின் கிறுக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8250-க்கு ஒத்தது என்று சொல்லிக்கொண்டு ஏராளமான நிறுவனங்கள் சிப் செய்கின்றன. ஒத்தது என்பதற்கு ஒவ்வொருவர் வைத்திருக்கும் அர்த்தம் வேறு. 'அனுப்ப இடம் வந்துவிட்டது' என்ற இன்டரப்ட்டை ஒழுங்காக எழுப்பாத சிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கென்றே கர்னலில் தனிக் கொடி வைத்திருக்கிறார்கள். சினாப்சிஸின் டிசைன்வேர் வகை, மும்முரமாக இருக்கும்போது கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் எழுதினால் எழுதியதைக் கண்டுகொள்ளாது. அதனால் எழுதிவிட்டு, எழுதியது நின்றதா என்று திரும்பப் படித்துப் பார்த்து, இல்லையென்றால் மறுபடி எழுதும் வழி டிரைவரில் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு இது அசட்டுத்தனமாகத் தெரியும். 'தேவையற்ற சுழற்சியை நீக்கினேன்' என்று அழகாக ஒரு பேட்ச் அனுப்புவார். அவர் மேசையிலிருக்கும் போர்டில் அது ஓடும். ஒரு மேசையில் ஒரு போர்டுதான் இருக்கும். டிரைவர் போய்ச் சேரும் இடங்களில் நூறு வகை. அந்த நூறும் கூடும் ஒரே இடம் படிக்கிறவரின் ஞாபகம்.

இங்கே எதிர்த்தரப்பு தன்னுடைய நல்ல வாதத்தை எடுக்கும். ஞாபகம் எதற்கு, திறந்த மூல நிரல் அல்லவா, உலகமே பார்க்கிறதே? எரிக் ரேமண்ட் 1997-ல் இதற்கு லினஸ் விதி என்று பெயர் வைத்தார்: பார்க்கும் கண்கள் போதுமான அளவுக்கு இருந்தால் எந்தப் பிழையும் ஆழத்தில் ஒளிந்திருக்காது என்பது அதன் சாரம். கேட்க இனிமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் நின்று பார்த்தால் அவ்வளவு இனிமையாக இல்லை. செஞ்சிக் கோட்டையை 1690-ல் முற்றுகையிடத் தொடங்கிய முகலாயத் தளபதி சுல்பிகர் கான் அதைப் பிடிக்க 1698 ஆயிற்று. மூன்று மலை, சுற்றி மதில், ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பிளவு, அதன் மேல் எடுத்துவிடக்கூடிய பாலம். அதே மதில், அதே பிளவு 1750 செப்டம்பரிலும் இருந்தன. புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் உள்ளே போய்விட்டது. கோட்டையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. எந்த வாசலை யார் அந்த நேரத்தில் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

சீரியல் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. என்-எச்டிஎல்சி என்பது சீரியல் வரிகளுக்கு மேலே எச்டிஎல்சி முறையில் பேசுவதற்கான கர்னல் பகுதி. 2009 ஜூன் 22 அன்று அதில் ஒரு மாற்றம் சேர்ந்தது: பஃபரைக் காலி செய்யும் வசதி. அனுப்பும்போது பிழை நேர்ந்தால், மீண்டும் அனுப்புவதற்காக ஒரு பஃபரைத் தனியே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்த காலிசெய்யும் பகுதியும் அனுப்பும் பகுதியும் ஒரே நேரத்தில் ஓடினால், அந்த ஒரு பஃபரே இரண்டு முறை விடுவிக்கப்படும் பட்டியலில் போய்ச் சேரும். சாதாரணப் பயனர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு கணினியின் முழு அதிகாரத்துக்கும் ஏறிவிடலாம். அலெக்சாண்டர் போபோவ் இதைக் கண்டு 2017 மார்ச்சில் வெளியிட்டார். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-2636 என்று எண். ஏழரை வருஷத்துக்கு மேல் கர்னல் கோடு எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. இதில் நம் 'பழைய சரக்கு' நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த ஓட்டைக்குள் நுழையக் கணினியில் எச்டிஎல்சி வன்பொருள் எதுவும் இருக்க வேண்டியதில்லை. போலி டெர்மினல் ஒன்றைத் திறந்து கேட்டால் போதும், அந்தப் பகுதி தானாக ஏறிவிடும். யாரும் பயன்படுத்தாத கோடு என்பது யாரும் படிக்காத கோடு, அவ்வளவுதான். ஓடாத கோடு என்று அர்த்தமில்லை.

பக்கத்திலேயே இன்னொன்று. 2009-ல் டெர்மினல் பகுதியில் நுழைந்த, இதைப் போலவே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் உடையும் வேறொரு பிழை 2014-ல்தான் சிவிஇ-2014-0196 என்று வெளியே வந்தது. அதே 2009 ஜூலையில்தான் இந்தப் பகுதியைப் பராமரித்துவந்த ஆலன் காக்ஸ், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோடு ஏற்பட்ட தகராறுக்குப் பிறகு பொறுப்பை உதறிவிட்டுப் போனார். இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போட மாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் உலகமெல்லாம் ஓடும் ஒரு பகுதியில் ஒரு மனிதர் எழுந்து போனதே செய்தியாகிறது என்றால், அங்கே உண்மையில் எத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பது புரியவில்லையா? கண்கள் லட்சம். அவற்றில் லாக் வரிசையைத் தேடிப் போகும் கண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

"அப்படியானால் ரிவ்யூவும் தோற்றுத்தானே போயிற்று?" என்று மடக்குவார்கள். தோற்றது. அந்த மாற்றத்தை அன்றைக்கு யாராவது, 'பிழைப் பாதையில் இந்த பஃபர் யாருடைய சொத்து?' என்ற ஒரே கேள்வியோடு படித்திருந்தால் பிடித்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். மேசைச் சோதனை பிடிக்கவில்லை, ஏழு வருஷப் பயன்பாடு பிடிக்கவில்லை. கடைசியில் சிஸ்காலர் என்ற கருவி கர்னலைக் கண்டபடி அடித்துப் பார்த்தபோதுதான் மாட்டியது. ஒரு முறை தவறிய வேலையை நிறுத்திவிடு என்று சொல்வது, மருத்துவர் ஒருவருக்கு நோய் தப்பிப்போனதால் நாடி பார்ப்பதையே விட்டுவிடு என்பதற்குச் சமம் என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. ரிவ்யூ தோற்ற இடத்தில் 'ஓடுதுல்ல' என்ற மேசைச் சோதனை வென்றிருந்தால் இந்த மடக்கு செல்லும். வெல்லவில்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழக விவகாரத்தையும் கொண்டுவருவார்கள். அங்கே ஆராய்ச்சியாளர்கள் சிலர், வேண்டுமென்றே ஓட்டை வைத்த பேட்ச்சுகளை 2020-ல் கர்னலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்து, கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்ச்சுகளுக்கே கதவைச் சாத்தினார். ரிவ்யூவை ஏமாற்றலாம் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அதில் படுவது வேறு. அந்த முகவரிகளிலிருந்து அதுவரை வந்திருந்த 435 மாற்றங்களை மறுபடி படித்தார்கள். பெரும்பாலானவை ஒழுங்காகவே இருந்தன. 39 மட்டும் திருத்த வேண்டியதாக இருந்தன. ஏமாற்றும் எண்ணமில்லாமல், நல்ல நோக்கத்தில் எழுதி, 'ஓடுதுல்ல' என்று உள்ளே போனவற்றில் இருந்த தவறுகள் அவை. கெட்டவனைப் பற்றிப் பயப்படும் நேரத்தில் நல்லவனின் பேட்ச்சைப் படித்திருக்கலாம்.

இனி எதிர்த்தரப்பில் உள்ள உண்மைகள். ரிவ்யூ என்ற பெயரில் நடக்கும் அக்கிரமங்களை நான் மறைக்கப் போவதில்லை. இடைவெளி எத்தனை, அடைப்புக்குறி எந்த வரியில் என்று நான்கு சுற்று இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை ஒரு ஸ்கிரிப்ட் ஒரு வினாடியில் சொல்லிவிடும். தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்வதற்காகவே கேள்வி கேட்கும் மேதைகளும் உண்டு. முதல் பேட்ச்சுக்கே வசை வாங்கி, திரும்பி அந்தப் பக்கமே தலைவைக்காத இளைஞர்கள் நம் பக்கத்தில் அநேகம். சில பேட்ச்சுகள் பதிலே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். இதெல்லாம் ரிவ்யூ குறைவாக நடப்பதன் அறிகுறிகள். அதிகமாக நடப்பதன் அறிகுறிகள் என்று இவற்றைக் காட்டுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கத் தெரிந்தவர் நான்கு பேர் மட்டும் என்றால் அவர்கள் கதவில் கூட்டம் நிற்கும்.

தாமதத்துக்கு மிகப் பெரிய உதாரணத்தை அவர்களுக்காக நானே எடுத்துத் தருகிறேன். நிகழ்நேர லினக்ஸ். 2004 வாக்கில் தொடங்கிய வேலை, 2024 செப்டம்பரில் வியன்னாவில் தாமஸ் க்ளைக்ஸ்னர் அதைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையைத் தாளில் அச்சிட்டுத் தங்க நிறத்தில் சுற்றி டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தபோதுதான் முழுமையாகக் கர்னலுக்குள் வந்தது, 6.12 பதிப்பில். இருபது வருஷம்! கடைசிவரை வழிமறித்துக்கொண்டிருந்த பெரிய தடை எது தெரியுமா? கர்னல் செய்தியை அச்சிடும் பகுதியும், அது போய்ச் சேரும் கன்சோல் டிரைவர்களும். அதாவது நம்ம சீரியல் போர்ட்.

ஏன் என்று கணக்குப் போட்டால் தெரியும். எண்பது எழுத்து கொண்ட ஒரு வரியை 1,15,200 பாட் வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய ஏழு மில்லி வினாடி. 9600-ல் 83 மில்லி வினாடி. பழைய முறையில் அவ்வளவு நேரமும் இன்டரப்ட்டை அடைத்துவிட்டு எழுதுவார்கள். நிகழ்நேரம் கேட்கிறவர்கள் மைக்ரோ வினாடிகளில் பதில் கேட்கிறார்கள். 'ஓடுது' என்ற அளவுகோலில் அந்தக் கன்சோல் எழுதும் பகுதி காலங்காலமாகத் தேறிக்கொண்டிருந்தது. அதில் எழுத்து ஒன்றுகூடத் தவறியதில்லை. எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறாய், யார் குறுக்கிடலாம், கர்னல் விழும்போது யார் கையிலிருந்து யார் பிடுங்கலாம் என்ற கேள்விகளைக் கேட்ட பிறகுதான் அது தேறாத கோடு என்று தெரிந்தது. அந்த வேலையின் ஒரு படியாக 2023-ல் சீரியல் டிரைவர்கள் எல்லாவற்றிலும் போர்ட் லாக்கை நேரடியாக எடுக்கும் வரிகளை நீக்கி, ஒரு பொது உறைக்குள் போட்டார்கள். பார்வைக்கு அச்சுப் பிசகாத இயந்திர மாற்றம். உறை அன்றைக்கு லாக்கை எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. பின்னால் கன்சோலின் உரிமையையும் சேர்த்து வாங்குவதற்காக வைத்த இடம் அது. 'ஒன்றுமே மாறவில்லையே, எதற்கு இத்தனை டிரைவரைத் தொடுகிறாய்' என்று கேட்டிருக்கக்கூடிய பேட்ச். இருபது வருஷம் பிடித்ததற்கு ரிவ்யூவைக் குறை சொல்கிறவர்கள், அந்த இருபது வருஷக் கோளாற்றை உள்ளே அனுமதித்தது எந்த அளவுகோல் என்பதையும் சொல்லட்டும்.

இப்போது புதிதாக ஒரு வாதம் சுற்றுகிறது: இனிமேல் செயற்கை நுண்ணறிவு படித்துவிடும், மனிதன் எதற்கு. படிக்கட்டும். லாக் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் வந்தபோதும், சிஸ்காலர் வந்தபோதும் மகிழ்ந்தோம், இதற்கும் மகிழ்வோம். லாக்டெப் ஓடிய பாதையில் நடந்ததைத்தான் சொல்லும். ஓடாத பாதையைப் பற்றி வாய் திறக்காது. மொழி மாதிரிகள் ஓடாத பாதையையும் பற்றிப் பேசும், சில சமயம் இல்லாத பாதையையும் பற்றி. அதிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கப் படித்தவர் ஒருவர் தேவைப்படுகிறார். தவிர, 'திண்டிவனம் பக்கத்து ஆலையில் இருக்கும் அந்தப் பழைய இன்வர்ட்டரில் இந்தப் பிட் எப்போதுமே தாமதமாகத்தான் விழும்' என்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத தகவல். அதைப் போய்ப் பார்த்தவர்தான் ரிவ்யூவில் எழுதியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. செஞ்சி சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் கையிலும் கர்னல் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. அதை யாரும் திறந்து படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதத்தான் சொல்லிக் கொடுத்தோம், அதுவும் கூட்டல் கழித்தல் நிரல்களை. பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்ற விதி. ஸ்மார்ட் பாசனம், ஸ்மார்ட் குப்பைத்தொட்டி என்று வருஷா வருஷம் அதே பெட்டி வேறு பெயரில் வருகிறது. உள்ளே சீரியல் போர்ட்டில் ஒரு சென்சார் பேசிக்கொண்டிருக்கும், அந்த டிரைவரை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாற்றாக நான்கு மாணவர்கள் 8250 டிரைவரின் மூவாயிரத்துச் சொச்ச வரிகளை எடுத்துக்கொள்ளட்டும். அதன் வரலாற்றிலிருந்து பத்து வரிக்கு மிகாத ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் சரி, எந்தச் சிப்பில் தவறு, எந்த நொடியில் இன்டரப்ட் வந்தால் உடையும் என்று ஒரு பருவம் முழுக்கப் படித்து எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு மதிப்பெண் போடத் தெரிந்த ஆசிரியரை எங்கே தேடுவது என்று கேட்டால், அந்தத் தேடலைத்தான் முதலில் தொடங்க வேண்டும். 'டெமோ எங்கே?' என்று கேட்காத ஒருவர் கிடைத்தால்கூட இப்போதைக்குப் போதும்.